டபேதாரின் நெளிந்த வில்லை

வாரம் ஒரு முறை புளி போட்டு, மார்புப் பட்டையில் அணியும் இந்தப் பித்தளை வில்லையைத் துலக்குகிறேன். எவ்வளவு துலக்கினாலும் விளிம்பில் இருக்கும் நெளிவு போகாது. எனக்கு முன் இதை அணிந்திருந்த டபேதார், பட்டையோடு கழற்றித் தரையில் போட்டபோது ஏற்பட்ட நெளிவு அது.

மயிலாப்பூரில் நான் சேவகனாகச் சேர்ந்த சர்க்கார் கச்சேரியில் சேவகர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். வெயிலில் நிற்கும் மனுதாரர்களை, "நெழல்ல குந்துங்க, கூப்டறப்போ சொல்றேன்" என்று உள்ளே விடுவார். வாய் திறக்கக் கூசும் என்னைப் பார்த்து, "இன்னாடா, தொரை வூட்டு நாய்கூட என்னாண்ட ரெண்டு வார்த்தை பேசுது" என்று சிரிப்பார். ஒரு நாள் துரையிடமிருந்து அவருக்கு ஒரு தாள் வந்தது. நடத்தை சரியில்லையாம், ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டுமாம். எந்த நடத்தை, என்றைக்கு நடந்தது என்று ஒரு சொல் இல்லை. தெரியாத குற்றத்துக்கு அவர் என்ன விளக்கம் சொல்வார்? வாசலில் மனு எழுதுபவரிடம் போனார். அவரும் எல்லா மனுவிலும் எழுதுகிறபடியே, 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். சில நாளில் ஒற்றை வரியில் உத்தரவு வந்தது: விளக்கம் திருப்தியாக இல்லை, வேலை நீக்கம்.

காரணம் கேட்கப் போன டபேதாரிடம் தலைமைக் குமாஸ்தா, "நீயே பிழைன்னு எழுதிக் குடுத்துட்டு என்னண்டை வந்து நிக்கறியே!" என்றார். அவர் பட்டையைக் கழற்றினார். "திருடன்னு எழுதியிருந்தா இல்லேன்னு சொல்வேன் சாமி. இதுல எதை நான் இல்லேன்றது?" வில்லை கல் தரையில் விழுந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் பெண்ணுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. பிள்ளை வீட்டார் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "லஞ்சமா, குடியா, இன்னான்னு சொல்லிடு மாமா, பொறுத்துக்கறோம்" என்றார்கள். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றார் இவர். வெளியே சொல்ல முடியாத காரியம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர்கள் எழுந்து போனார்கள். சர்க்கார் எழுதாமல் விட்ட காரணத்தை ஊரார் ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரையில் கல்யாணம் ஆகவில்லை.

இப்போது நான் டபேதார். பட்டை புதியது, வில்லை அதேதான். போன வாரம் அடையாற்றில் சர்க்கார் பங்களாத் தோட்டக்காரர் ஒருவரிடம் உறை ஒன்றைக் கொண்டு போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துச் சொன்னேன். அதே ஒற்றை வரி. "இன்னாத்துக்குப்பா?" என்று கேட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பில் இருந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், துலக்கும் நாள் வரும் முன்பே, புளியை எடுத்தேன்.