டெய்லரம்மாவின் வலது கை

தெருவில் அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகியும் அந்தப் பேர் போகவில்லை. வலது கைதான் போய்விட்டது. விரல்கள் மூடினால் மூடினதுதான், திறக்காது. "இந்தக் கை ஒரு தடவை தானா திறந்துட்டா போதும், கடவுளே" என்பதுதான் அவளுடைய தினப்படி வேண்டுதல்.

அவள் புருஷன் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். தலை வாருவது, ஊட்டுவது, செருப்பு மாட்டிவிடுவது எல்லாம் அவர்தான். "என் பெண்டாட்டிக்கு மூணு கை, அதுல ரெண்டு என்னோடது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பழைய பக்கவாதத்துக்கும் மூன்று வாரம் தீவிரப் பயிற்சி உண்டு என்று கேள்விப்பட்டு ஒரு மையத்தில் சேர்ந்தார்கள். தினமும் ஆறு மணி நேரம். இடது கையில் தடித்த உறையை மாட்டிவிட்டு, எல்லாவற்றையும் வலது கையால் செய்யச் சொன்னார்கள். மரக்கட்டையை எடு, வை. நூறு தடவை. அப்புறம் இன்னொரு நூறு.

"இருக்கிற நல்ல கையையும் கட்டிப் போடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அவர் முணுமுணுத்தார்.

முதல் வாரம் விரல் அசையவில்லை. இரண்டாம் வாரம் குட்டு உடைந்தது. மதியம் கதவைச் சாத்திவிட்டு அவர் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பயிற்சி கொடுக்கும் பெண் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, அக்கா கையை நான் எழுப்பப் பாக்குறேன். நீங்க தாலாட்டுப் பாடுறீங்க."

"பசியோட உக்காந்திருக்காம்மா. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"உங்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காருங்க."

டெய்லரம்மா சிரித்துவிட்டாள். "கரன்ட்டுக்கே பயப்படாத மனுஷன், என் ஸ்பூனைப் பாத்து நடுங்குறாரு."

அன்று முதல் அவர் கைமேல் உட்கார்ந்தார். மூடின வலது விரல்களுக்குள் செருகிய ஸ்பூனில் பாதி அவள் வாய்க்கு, பாதி தரைக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவனே, நீயே பாத்துக்கோ" என்பார்.

கடைசி நாள் காலை. அவசரத்தில் அவர் சட்டைப் பட்டனைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது.

"சே, டெய்லர் புருஷன் போடுற லட்சணமா இது!" என்று அவள் எரிச்சலோடு கை நீட்டினாள்.

இடது கை உறைக்குள் இருந்தது. நீண்டது வலது கை.

அந்த விரல்கள் அவர் நெஞ்சருகே வந்து நடுங்கின. பிறகு கட்டைவிரல் மெல்ல விலகியது. அடுத்தது ஆள்காட்டி விரல். பட்டனைப் பிடித்தன, நழுவவிட்டன, மறுபடி பிடித்தன. உதவத் துடித்த தன் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, சந்நிதியில் நிற்பவர் போல அவர் நின்றார். எவ்வளவு நேரமோ, தெரியாது. பட்டன் துளையைத் தாண்டி வெளியே வந்தது.

அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"மூச்சு விடுங்க" என்றாள் அவள். "இன்னும் நாலு பட்டன் இருக்கு."