ஐந்தில் சுழன்ற ஃபேன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. 1946 மே மாதம், தியாகராய நகரில், பட்டப்பகலில். சகினா சத்தியம் செய்து சொன்னதற்கு மேல் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

சகினாவும் கணவர் ஹபீபுர் ரஹ்மானும் அந்த வாடகை வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வந்த கையோடு பத்து மாதக் குழந்தை குல்ஷனுக்குத் தட்டம்மை கண்டுவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. அறை குளுமையாக இருக்க வேண்டும், வெக்கை ஏறினால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரஹ்மானுக்கோ துணிக்கடைச் சம்பளம். நாள் முழுக்க ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டால் கரண்ட் பில் கட்டியே ஓய்ந்துவிடுவார்.

சகினா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி அரை மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தாள். முதலில் ரெகுலேட்டரை ஐந்தில் வைப்பாள். அறை குளிர்ந்ததும் ஒன்றுக்குக் குறைத்துவிடுவாள். தட்டி ஈரமாக இருந்தால் ஒன்றே தாராளம். மீட்டர் அசையவே காணோம், நீ கெட்டிக்காரி என்று ரஹ்மான் மெச்சினார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று மதியம் 1.40. வீட்டில் வேறு யாரும் இல்லை. ரெகுலேட்டர் பிடியை ஒன்றுக்குத் திருப்பிவிட்டுக் குல்ஷனின் தொட்டிலருகே உட்கார்ந்தாள்.

டக்.

ஃபேன் வேகமெடுத்தது. திரும்பிப் பார்த்தாள். பிடி ஐந்தில் நின்றது. பழைய சாமான், நழுவியிருக்கும் என்று மறுபடி ஒன்றில் வைத்தாள்.

1.52. டக்... டக்... டக்... டக்.

நழுவுகிற சாமான் ஒவ்வொரு எண்ணாக நின்று நின்றா நழுவும்? எழுந்து போய்த் தொட்டாள். பிடி ஈரமாக இருந்தது. அவள் கை காய்ந்திருந்தது.

2.05. சொட்... சொட்... தட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் தெளித்து அரை மணிக்கு மேல் ஆகிறது. குடம் காலி.

2.10. ஃபேன் நின்றது.

அறை குளிர்ந்தே கிடந்தது.

குல்ஷனின் நெற்றி முடி மட்டும் பறந்தது...

யாரோ குனிந்து ஊதினார்கள்.

பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள்.

மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் புஷ்பம், கரண்ட்காரர் ராஜரத்தினத்தைக் கூட்டிவந்தாள். அவர் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தார்.

“இந்த ரூமுக்கு லைனே இல்லம்மா. மூணு வருசம் முன்ன நான்தான் அறுத்து வுட்டேன். இது எப்டி ஓடும்?”

ஏன் அறுத்தார் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பு குடியிருந்த ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தைக்காகத் தட்டியில் தண்ணீர் தெளித்துவிட்டு, அதே ஈரக் கையோடு பிடியை ஐந்துக்குத் திருப்பியிருக்கிறாள். கரண்ட் அடித்து அங்கேயே விழுந்துவிட்டாள். சாயங்காலம்தான் கதவை உடைத்திருக்கிறார்கள்.

“புள்ள இன்னா ஆச்சு?” என்றாள் சகினா.

“ஃபேனும் நின்னுபோச்சு. பூட்டின ரூமு. அந்த வெக்கைல அதுவும் பூடுச்சிம்மா.”

அன்றைக்கே வீட்டைக் காலி செய்தார்கள். சகினா உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ரஹ்மான்தான் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். கடைசியாகத் தொட்டில். ஒற்றை ஆள் தூக்கிவிடக்கூடிய இலேசான மரத்தொட்டில்தான். அறை வாசல்படி வரை இழுத்தார். அதற்கு மேல் வரவில்லை.

எதிர்ப்பக்கம் யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.