தாழாத பலகை

போகோமில் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் சுவர் வார்த்தவர். பெர்னிக் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் செங்கல் அடுக்கிக் கட்டியதல்ல. தொழிற்சாலையில் சுவர்களைப் படுக்கைவசமாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்தினார்கள். அச்சுக்குள் கம்பி கட்டுவது அவர் வேலை. பெரிய வேலைக்காரர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நேரத்துக்கு வருவார், குடித்துவிட்டு வரமாட்டார், அவ்வளவுதான். தொழிற்சாலையை மூடியதும் கிடைத்த வேலைகளைச் செய்தார். பிறகு ஓய்வூதியம். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அவர் மனைவி ராய்னாவுக்கு வருஷம் என்பது செப்டம்பர்தான். பால்கனியில் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடமிளகாய் சுடுவாள். தோலுரித்து, அரைத்து, தக்காளியோடு பெரிய அண்டாவில் கிளறி, கண்ணாடி ஜாடிகளில் அடைப்பாள். லூத்தெனிட்சா என்கிற அந்தத் துவையல் முழுவதும் ஒரே மகன் இவாய்லோவுக்கு. அவன் ஸ்பெயினில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கே போகும் வேன்காரரிடம் ஜாடிகளை ஏற்றிவிட்டால் அவளுக்கு அந்த வருஷம் முடிந்தது. பிறகு காலி ஜாடிகளுக்காகக் காத்திருப்பாள். எங்கள் ஊரில் உள்ளே இருப்பதைச் சும்மா கொடுப்பார்கள்; ஜாடியைச் சும்மா கொடுக்கமாட்டார்கள். காலி ஜாடி திரும்பி வராவிட்டால் மருமகளின் பேர் மாடிக்கு மாடி இறங்கும்.

அந்த வசந்தத்தில் ராய்னாவின் முழங்கால்கள் கைவிட்டன. ஜாடிகளை வைக்கும் நிலவறைக்கு இனி அவளால் இறங்க முடியாது.

"கண்ணு முன்னாடி இருக்கணும். படுத்த எடத்துலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும்," என்றாள்.

"அவ்ளோ கனத்தைச் சுவத்துல தொங்கவிடச் சொல்றியா?"

"நீ வார்த்த சுவருதானே. அதைக் கூட நம்பலைன்னா எப்புடி, சிமெண்டு?"

சிமெண்டு என்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்த பேர்.

கட்டில் இருந்த அறை ஒடுக்கமானது. பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்தால், அவள் சுவரைப் பிடித்து எழும்போது தலையில் இடிக்கும். ஆகவே முட்டு இல்லாத பலகைதான் வேண்டும். தாங்கும் கம்பிகள் சுவருக்குள்ளும் பலகைக்குள்ளும் மறைந்திருக்க வேண்டும். உள்சுவர்கள் மெல்லியவை. அந்தக் கனத்தைத் தாங்கக்கூடியது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் ஒன்றுதான். அதனால் அனுமதி கேட்க வந்தார்.

"வாத்தியாரே, உங்க புஸ்தகமெல்லாம் கொஞ்சம் ஆடும். கோவிச்சுக்காதீங்க."

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கட்டடத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது. நான்கு அடித்த பிறகே துளை போட்டார். துளைகள் ஆழமானவை, சுவருக்குள் இருக்கும் முனை மட்டும் இம்மி கீழ்நோக்கி. அப்போதுதான் கம்பியின் வெளிநுனி சற்று நிமிர்ந்திருக்கும், கனம் ஏறியதும் மட்டத்துக்கு வரும். சைக்கிள் பம்பால் தூசியை ஊதினார். "தூசியில ஒட்டுன பசை தூசியைத்தான் பிடிச்சுக்கும், சுவத்தைப் பிடிக்காது," என்றார். கம்பிகளைப் பசையில் இறக்கிவிட்டு மறுநாள் வரை தொடவில்லை. கனமான பீச் மரப் பலகையின் முதுகில் துளையிட்டு, நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்து அதைக் கம்பிகளில் ஏற்றினோம். ராய்னா குமிழி ஓடும் ரசமட்டத்தை வாங்கித் தானே வைத்துப் பார்த்தாள். ஒரு துளி சாய்வு இருந்தது.

"சரக்கு ஏறட்டும், நேராயிடும்," என்றார் போகோமில்.

ஆகஸ்டில் இவாய்லோ காரில் வந்தான், தனியாக. மருமகள் மிலேனாவுக்கு விடுமுறை இல்லையாம். ராய்னா பால்கனியிலிருந்து முதலில் கேட்டது, "ஜாடி கொண்டாந்தியாடா?"

"எல்லாம் கொண்டாந்தேம்மா. ஒன்னுகூட விடல."

பெட்டிகளை இறக்க நானும் போனேன். போகோமில் முதல் பெட்டியைத் தூக்கினார். உடனே கீழே வைத்துவிட்டார். அட்டையைப் பிரித்தார். ஜாடிகள் நிறைந்திருந்தன. ராய்னா அழுத்தி மூடிய மூடிகள் அப்படியே இருந்தன.

"என்னடா இது?"

"புள்ளைங்க தொடறதில்லப்பா. அவளுக்கு நெஞ்செரிச்சல். எனக்கும் தனியா உக்காந்து சாப்புடத் தோணல." இவாய்லோ காரைப் பார்த்தபடியே பேசினான். "அம்மா வாராவாரம் ஜாடி எங்க, ஜாடி எங்கன்னு கேக்குறாங்க. தூக்கிப் போட மனசு வரல. அதான் கொண்டாந்துட்டேன்."

"காலி ஜாடிடா அவ கேட்டது."

"தெரியும். கொட்டிட்டுக் கொண்டுவரச் சொல்றீங்களா? கையில எடுத்தேன், முடியல."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கண்டத்தின் பாதியைக் காரோட்டிக் கடந்து, ஒருவன் தன் தாயின் உழைப்பை உடையாமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான். அதில் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடக் கொடிய ஒன்றை அவன் யோசித்தும் செய்திருக்க முடியாது.

மேலிருந்து ராய்னா கூப்பிட்டாள். "அங்க என்ன நின்னு பேசிட்டிருக்கீங்க? மேல கொண்டாங்க, வெந்நியில போடணும்."

"அழுக்கா இருக்கு," என்று போகோமில் மேல்நோக்கிச் சொன்னார். "கழுவிக் கொண்டாறேன்."

"மருமக கழுவாமயா அனுப்பினா? நல்லா வளத்திருக்காங்க."

பெட்டிகள் என் வீட்டுக்கு வந்தன. குப்பைத்தொட்டியில் கொட்டினால் அந்த வண்ணத்தைப் பார்த்தே யார் வீட்டுச் சரக்கு என்று சாயங்காலத்துக்குள் ராய்னாவுக்குச் சேதி போய்விடும். இவாய்லோ அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கட்டும் என்று அனுப்பிவிட்டு, போகோமில் மூடிகளைத் திருகினார். ஒவ்வொன்றும் சின்னதாக ஒரு மூச்சு விட்டுத் திறந்தது. என் வீட்டிலிருந்த கிண்ணங்கள், சட்டி, சூப்புப் பாத்திரம் எல்லாவற்றையும் நிரப்பினேன். மிச்சத்தைக் கொட்டக் கழிப்பறைதான்.

"ரெண்டு ஜாடியை அப்படியே வச்சுக்கறேனே," என்றேன்.

"ஜாடி கொறைஞ்சா கேப்பா. மருமக தலையிலதான் விடியும்."

கரண்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தார். மறுபடி ஜாடியைக் கவிழ்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ராய்னா மகனைக் கேட்பது கேட்டது.

"இந்தத் தடவ உறைப்பு கூடிப் போச்சோ?"

"இல்லம்மா. சரியா இருந்துச்சு."

போகோமில் தண்ணீரை இழுத்துவிட்டார். அவர்கள் பேச்சு அதில் மூழ்கியது.

கழுவிய ஜாடிகளை ராய்னா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம். "வழிச்சுத் துடைச்சுச் சாப்ட்ருக்கான். இந்த வயசுலயும் பாரு," என்று கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தாளாம். இவாய்லோ மூன்றாம் நாள் கிளம்பிப் போனான்.

செப்டம்பர் வந்தது. நெடுநேரம் நிற்க முடியாதவள் நாற்காலியில் உட்கார்ந்தே சுட்டாள், உரித்தாள். கிளறியது போகோமில். ஜாடிகள் பலகையில் ஏறின, வரிசைக்குப் பின் வரிசையாக, கனமெல்லாம் சுவரோரமாக. வேன் அக்டோபரில்தான் போகும். அதுவரை அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். நான் போனபோது ரசமட்டம் பலகை நுனியில் இருந்தது.

"பாருங்க வாத்தியாரே. குமிழி நட்ட நடுவுல நிக்குது. எங்க சிமெண்டு உருப்படியா செஞ்சது இது ஒன்னுதான்." பிறகு கணவனிடம், "யோவ், மேல இன்னொரு பலகை போடு. போன வருஷத்துது பத்தாம போயிருக்கும், வாய்விட்டுக் கேக்கமாட்டான் அவன். சந்தையில இன்னும் மிளகா வருது," என்றாள்.

போகோமில் பலகையின் அடியில் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். என்னோடு வாசல் வரை வந்தார்.

"ஒரு மயிரிழை எறங்கியிருந்தாக்கூடப் போதும். சுவர் தாங்காதும்மான்னு சொல்லியிருப்பேன். குமிழியை அவளே பாத்துட்டா."

"உண்மையைச் சொல்லிட முடியாதா?"

"சொல்லிட்டு? நாளைக்கு எதுக்கு அவ எந்திரிக்கணும்?"

நான் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று நான்கு அடித்தது. அந்தச் சுவரோரம் என் புத்தகங்கள் ஆடத் தொடங்கின.