ரேடியேட்டரில் கிண்டிய களி

பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்துபோன பிறகு என் வீட்டுக்காரர் எடுத்த முதல் முடிவு, காரை விற்பது. எங்கள் பிள்ளைகளைவிட மூத்த கார் அது. இப்போதைய கார்களில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது, கை வைக்க இடமில்லை. இதை அவர் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வைத்தே பிரித்து மாட்டிவிடுவார். "பிரிக்க முடியாதவனுக்கு இந்த வண்டி எதுக்கு?" என்றார். கைப் பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடவே மாட்டார். காரும் போய்விட்டால் இந்த மனுஷன் மூலையில் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பயம். சொன்னால் கேட்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஒருவரிடம் பேசியும் விட்டார்.

அந்த வாரம் சித்தேரியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். மலைப்பாதையில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஒழுகுகிறது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் இதற்கு மஞ்சள் தூள் போடுவார்கள், ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மஞ்சளுக்கு நான் எங்கே போவேன்? நாத்தனாருக்கு அரைத்து எடுத்துப்போன ராகி மாவு இருந்தது. எல்லாம் மாவுதானே என்று, வண்டி ஆறியதும் அவர் பார்க்காத நேரத்தில் இரண்டு கை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

கொஞ்ச தூரத்திலேயே மறுபடி கொதித்தது. ஆறவிட்டு மூடியைத் திறந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாத்தப் போட்ட?"

"ராகி மாவுங்க."

"களி கிண்டி வச்சிருக்கற. கொழம்பு எங்க?"

சிரித்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். அந்த வழியாக வந்த ஒரு டிராக்டரில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். "நீ கிண்டுன களிய ஊரான் வந்து எடுக்கணுமா?" என்று அவரே பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டரின் ரப்பர் குழாய், அந்த ஓஸின் கிளிப்பை இடது கையால் திருக முடிந்தது. ஆனால் ஓஸை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நான் போவதற்குள் அவரது வலது கை அதைப் பிடித்திருந்தது. விரல்கள் நடுங்கின, வழுக்கின, மறுபடி பிடித்தன. நான் கிட்டே போகாமல், காய்ந்த துணியையே திரும்பக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்க ஆள் வந்தபோதும் அவர் பானெட்டுக்குள்தான் குனிந்திருந்தார்.

"வண்டியில வேலை பாக்கி இருக்குதுங்க."

"பரவால்லீங்க, நான் பாத்துக்கறன்."

"வேணாங்க. இது நான் பாக்க வேண்டிய வேலை. வண்டி விக்கலீங்க."

சொல்லிவிட்டு வலது கையால் ஸ்பேனரை எடுத்தார். கீழே விழுந்தது. குனிந்து, அதே கையால் மறுபடியும் எடுத்தார்.