மூன்றாவது கியரில் ஒரு முனகல்

குடிநீர் வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதரை எல்லோரும் 'சாரதி' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு போய்ச் சேர்ந்தது. பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய கார். சாம்பல் நிறம், உருண்டை விளக்குகள், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடியது போல 'டொப்' என்று ஒரு சத்தம். இன்றைக்குத் தெருவில் போகிறவர்கள் "ஆஹா, பழைய கார்!" என்று நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கியபோது அது புதிய கார்தான். சாரதியும் அப்போது புதுசாகத்தான் இருந்தார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் காரில் நான்கு பேர் ஓசியில் அலுவலகம் போய்வந்தார்கள். காசாளர், வரைவாளர், தட்டச்சர், கோப்புப் பிரிவுக்காரர். எடை விஷயத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. காலையில் ஏறும்போதே மேலதிகாரியைத் திட்ட ஆரம்பிப்பார்கள். மாலையில் இறங்கும்போது மிச்சத்தை மறுநாளுக்கு ஒத்திவைப்பார்கள். சாரதி கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் பேச ஆள் கிடையாது என்பதால் அன்றைய பேச்சையெல்லாம் காரிலேயே பேசித் தீர்த்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காருக்கு உறை, அவருக்குத் தூக்கம்.

பிறகு ஓய்வு வந்தது. வரைவாளர் மகன் வீட்டுக்குப் போனார், கோப்புக்காரர் மகள் வீட்டுக்கு. தட்டச்சர் திரும்பி வர முடியாத இடத்துக்கே போய்விட்டார். காசாளர் மட்டும் இரண்டு தெரு தள்ளி, பேரப்பிள்ளைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

கார் முனக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

மூன்றாவது கியரில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் காலடியிலிருந்து, பல்வலிக்காரன் வாயைத் திறக்காமல் அனத்துவது போல "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். கூட்டினால் மறுபடியும் "ம்ம்ம்".

மெக்கானிக் நல்ல ஆகிருதி. பின் சீட்டில் ஏறி, நடுவில் மேடாக இருக்கும் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். "ஓட்டுங்க சார்."

சாரதி ஓட்டினார். ஆய்வாளர் வந்த அன்று பள்ளிக்கூடம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது கார்.

"ஒண்ணும் கேக்கலியே சார்."

"நேத்து முழுக்கக் கேட்டுதுப்பா."

"நேத்துக் கேட்டதுக்கு நான் இன்னைக்கு எங்க போய்க் காதை வைக்கிறது?"

இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. கியர் பாக்ஸ் எண்ணெயை மாற்றினார். பின் சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டார். பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்த்துவிட்டு, வந்ததற்கு அடையாளமாக மூடி வைத்தார். ஒவ்வொரு முறையும் சாரதி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெருமுனை தாண்டியதும் "ம்ம்ம்".

மெக்கானிக்கிடம் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் தனியாகப் போகும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்டது. அதை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு வயதுக்கு மேல் சில உண்மைகளை வாயைத் திறந்து சொல்லக் கூடாது. தெரியாமல் தங்கையிடம் போனில் ஒருதரம் சொல்லிவிட்டார்.

"தனியா இருக்கும்போது மட்டும் கேக்குதா அண்ணா?"

"ஆமா."

"பேச்சுக்குரலா, வெறும் சத்தமா?"

"கார் சத்தம்டி! காரோட சத்தம்!"

"சரி சரி, கோவப்படாத. அந்தக் காரை வித்துட்டு இங்கயே வந்துடு. மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு."

சும்மாக் கிடக்கவில்லை. உடைந்த சைக்கிளும், ஓடாத தையல் இயந்திரமும், மூன்று கால் நாற்காலியும் அங்கே ஏற்கெனவே குடியிருந்தன. நான்காவதாகத் தன்னைக் கூப்பிடுகிறாள் என்பது சாரதிக்குப் புரிந்தது. மாதக் கடைசியில் தங்கை வீட்டுக்காரர், கார் வாங்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அதற்குள் சத்தம் நிஜம் என்று யாராவது ஒருவர் காதால் கேட்டுச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் காரும் போகும், மூளை சரியாக இருக்கிறது என்ற நற்பெயரும் போகும்.

சாட்சிக்குக் காசாளரைக் கூப்பிட்டார். காசாளர் பழைய பழக்கத்தில் பின் சீட்டில் ஏறி, இரண்டு பேர் இடத்தில் சாய்ந்துகொண்டார்.

"யோவ் சாரதி, இந்த சீட்டுக்கு என்னை ஞாபகம் இருக்குய்யா. பள்ளம் அப்படியே இருக்கு!"

நகரைச் சுற்றி ஒரு ரவுண்டு போனார்கள். என்றைக்கோ ஓய்வுபெற்றுப் போய்விட்ட மேலதிகாரியை முழு மூச்சாகத் திட்டினார்கள். காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பதே சாரதிக்கு மறந்துவிட்டது. திரும்பி வந்து காசாளர் வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் நினைவு வந்தது.

"சத்தம் எங்கய்யா?" என்றார் காசாளர்.

"இன்னைக்கு வரல."

காசாளர் மெல்ல இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தார். "பேச ஆள் வேணும்னா நேரா கூப்பிடேன்யா. காரை எதுக்குச் சாக்குச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

திருப்பத்தைத் தாண்டியதும் "ம்ம்ம்".

சாரதி வீட்டுக்குப் போகவில்லை. நேரே மெக்கானிக்கிடம் போய், இன்ஜினைக்கூட நிறுத்தாமல் சொன்னார். "தனியா போனா மட்டும்தாம்ப்பா கேக்குது. சிரிக்காத."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு பேரிங் மிச்சமாயிருக்கும். இறங்குங்க."

அவர் மட்டும் ஏறிக் காரை எடுத்துக்கொண்டு போனார். சாரதி சாலையோரம் நின்றார். கார் போய், திரும்பி, வேகமெடுத்து அவரைக் கடந்தபோது அந்த முனகல் தெளிவாகக் கேட்டது. தன் காருக்கு நோய் என்று உறுதியானதற்காக ரோட்டோரத்தில் நின்று கைதட்டிய மனிதரை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

பட்டறைப் பள்ளத்துக்கு மேல் காரை நிறுத்திவிட்டு மெக்கானிக் கீழே இறங்கினார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது.

"சார், பின்னாடி பாரம் தாங்கற கமான் பட்டையில ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு கூடுதலா இருக்கே. யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன். அப்ப எங்க ஆளுங்க நாலு பேரும் ஏறினா வண்டி பின்னால உக்காந்துடும்."

"அதான் விஷயம். அவங்க பாரத்துக்குன்னு போட்டது. இப்ப பாரம் இல்லாம பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது. கியர் பாக்ஸ்லேருந்து பின் சக்கரத்துக்கு வர்ற ஷாஃப்ட் கோணலா சுத்துது. நடுவுல இருக்கற ஜாயிண்ட்டும் தேஞ்சிருக்கு, அதான் முனகுது. பின்னாடி கனமா ஒரு ஆள் உக்காந்தா நேராயிடுது. என்னையே ஏத்திக்கிட்டு என்கிட்டயே சத்தம் கேக்குதான்னு கேட்டிருக்கீங்க!"

"இப்ப என்ன பண்றது?"

"ஜாயிண்ட்டை மாத்தறேன். ஆனா இந்தப் பட்டை இருக்கற வரைக்கும் புதுசும் சீக்கிரம் தேஞ்சுடும். பட்டையைக் கழட்டிட்டா பிரச்சினையே இல்ல. கழட்டினா அப்புறம் அந்த மாதிரி நாலு பேரை ஏத்த முடியாது, வண்டியோட அடிப்பக்கம் ரோட்டுல தட்டும்." மெக்கானிக் பள்ளத்திலிருந்து தலையை நீட்டினார். "நாலு பேர் ஏறுவாங்களா சார்?"

கையில் ஸ்பேனரோடு ஒரு தொழிலாளி கேட்ட சாதாரணக் கேள்விதான் அது. சாரதி பின் சீட்டை எட்டிப் பார்த்தார். காசாளர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் எழும்பாமல் இருந்தது. அவர் கூப்பிட்டால் வருவார். எப்போதாவது.

"கழட்டிடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுப்பா. கழட்டு."

வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கிற நேரம் வந்தது. மெக்கானிக் பின்கதவைத் திறந்தார். "நீ ஏறாத," என்றார் சாரதி. "தனியா ஓட்டினாத்தானே தெரியும்." மூன்றாவது கியர் போட்டார். வேகம் எடுத்தார். கார் எதுவும் சொல்லவில்லை. ஊர் எல்லை வரை போனார், அப்போதும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தார். "கார் வாங்கற ஆளை வர வேண்டாம்னு சொல்லிடு. சத்தம் நிஜம்தான். மெக்கானிக்கே கேட்டுட்டான். சரியும் பண்ணியாச்சு."

"அப்படியா! எனக்குக் கவலையா இருந்துச்சு அண்ணா. அப்ப நீ இங்க வரலியா?"

"ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுப் போறேன். கார்லயேதான் வரேன். ஒரு ஆளை வேணும்னா தாராளமா ஏத்தலாம். நாலு பேர்தான் கூடாது."

"நாலு பேரை ஏத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள் தங்கை.

யாரும் கேட்கவில்லைதான்.