களைப் பயிற்சி

எல்லாம் ஒரு கொம்பினால் வந்த வினை. நூலக வாசலில் ஒட்டியிருந்த தாளில் ‘பெரியவர்களுக்கான களப் பயிற்சி, ஞாயிறு காலை எட்டு மணி, கட்டணம் இல்லை’ என்றுதான் இருந்தது. மருந்தண்ணன் அதைக் ‘களைப் பயிற்சி’ என்று படித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நகராட்சியில் இருபத்திரண்டு வருடமாகக் களைக்கொல்லி அடிக்கிறவர் கண்ணுக்கு அந்தக் கொம்பு தானாகவே முளைத்துவிடும். போதாததற்கு, மருந்து அடிப்பவர்கள் ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போய் வந்தே ஆகவேண்டும் என்று மேற்பார்வையாளர் அந்த வாரம்தான் விரட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முகமூடி, கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் சகிதம் போய் நின்றார். நூலகத்தின் பின்னறையில் எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றிக் குனிந்து, எருக்க இலையில் ஊர்ந்த புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் எடுத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். தாவரவியல் படித்துவிட்டு, அதற்கேற்ற வேலை கிடைக்காமல் கண்ணாடி விற்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரைக் கொல்ல வந்தீங்க?” என்றாள்.

அறையே சிரித்தது. வேறு ஆளாக இருந்தால் திரும்பிப் போயிருப்பார். மருந்தண்ணன் ரோஷக்காரர். இருந்தவர்களிலேயே பலமாகச் சிரித்த பஸ் டிரைவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, பூட்ஸோடு உட்கார்ந்தார்.

அவள் அவர் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தாள். ஓரம் உடைந்ததால் கடையில் விற்க முடியாமல் போனது. அதன் வழியாகப் பார்த்தபோது புழுவின் உடம்பில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி வரியாக ஓடியது. எருக்கை விட்டால் அதற்கு வேறு சாப்பாடு பெரிதாகக் கிடையாது, தாய்ப் பட்டாம்பூச்சி தேடி வந்து அந்த இலையில்தான் முட்டை வைக்கும் என்றாள். அவர் லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். முந்தின வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வரிசை எருக்கை அடித்துச் சாய்த்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமலே அவர் மனைவி கேட்டாள், இருபத்திரண்டு வருஷம் கொன்னுட்டு இப்போ செடிகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறீங்களா என்று. ஆனாலும் நாலைந்து ஞாயிறு போனபின் அவளே ஒருநாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “என்னவோ போங்க, இப்பதான் உங்க முகத்துல கொஞ்சம் களை வந்திருக்கு” என்றாள். அந்தச் சொல்லில் இடித்துக்கொண்டதுபோல அவர் நின்றுவிட்டார்.

சிக்கல் அலுவலகத்தில் தொடங்கியது. அன்றாட வேலை முடிந்ததும் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ‘அகற்றியது’ என்ற கட்டத்தில் இத்தனை வருடமும் அவர் எழுதியது ஒரே சொல்: களை. இப்போது பேனா அந்த இடத்தில் வந்து முரண்டு பிடித்தது. குப்பைமேனி, கீழாநெல்லி, துத்தி என்று எழுத ஆரம்பித்தார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். என்ன, வைத்தியசாலை ஏதாவது திறக்கப் போறீரா என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். யாரைக் கொன்னோம்னாவது எழுதி வைக்கணும்ல சார் என்றார் மருந்தண்ணன்.

அப்புறம் அந்த உத்தரவு வந்தது. நூலகத்துக்குப் பின்னால் இருபது அடிக்கு நாற்பது அடியில் ஒரு துண்டு நிலம் உண்டு. வகுப்பு பாதி நேரம் அங்கேதான் நடக்கும். அதைச் சுத்தம் செய்து, சிமெண்ட் போட்டு, கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்களாம். கண்ணாடிக்கடைப் பெண் எழுதிய மனுவுக்கு, அது காலி இடம், அங்கே எதுவும் இல்லை என்று பதில் வந்திருந்தது. நிலம் போனால் வகுப்பும் போச்சு. பின்னறையில் உட்கார்ந்து படம் பார்க்க எவரும் வரப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மருந்து அடிக்க வேண்டியவர் மருந்தண்ணன்.

போனார். டேங்க் முதுகில் நிரம்பித் தளும்பியது. மேற்பார்வையாளர் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே கையைக் காட்டினார். மருந்தண்ணன் பட்டைகளைக் கழற்றி டேங்கைத் தரையில் வைத்தார்.

“என்னய்யா?”

“எதை அடிக்கணும்னு சொல்லுங்க சார்.”

“களையை.”

“அப்படி ஒரு செடி இல்லையே சார். பேரைச் சொல்லுங்க, அடிக்கிறேன்.”

மேற்பார்வையாளர் காலடியில் முளைத்திருந்ததைப் பார்த்தார். அவருக்கும் ஒரு பெயர் தெரிந்திருந்தது. “இதோ குப்பைமேனி. பேரிலேயே குப்பை இருக்கு.”

“குப்பையைப் பாத்தீங்க. மேனியைப் பாக்கல.”

வேலியோரம் நின்ற பஸ் டிரைவர் சிரித்துவிட்டார். வேலைக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர். மேற்பார்வையாளருக்கு முகம் சிவந்தது. இங்கே இருப்பதெல்லாம் வெறும் களைதான் என்று அவர் அழுத்திச் சொன்னார்.

“ஆமா சார்,” என்றார் மருந்தண்ணன். “இந்த இடத்துக்குக் களையே அதுதான்.”

சாக்கடைப் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்றார் மேற்பார்வையாளர். மாத்திக்கோங்க சார், அங்கேயும் ஏதாவது முளைச்சிருக்கும் என்று சொல்லிவிட்டு, மருந்தண்ணன் அன்றைய தாளை எடுத்து ஸ்கூட்டரின் பின்னிருக்கை மேல் வைத்தே எழுதினார். அகற்றியது: இல்லை. இருப்பது: இருபத்தாறு பெயர்கள், அதில் ‘பெயர் தெரியாது, மஞ்சள் பூ’ என்று இரண்டு. கடைசியில் அந்த வரிப்புழுவையும் சேர்த்தார். காலி இடத்துக்கு அது போதும் என்று நினைத்தார்.

மறுநாளே மாற்றல் வந்தது. மனைவி பூட்ஸைத் தனியாக வாசலில் வைக்கச் சொன்னாள். இனி டேங்க் வேறொருவர் முதுகுக்குப் போகும், நிலம் தப்பாது என்பது அவருக்குத் தெரியும். அந்த வேலையின் சட்டமும் அவருக்கே தெரியும். காற்று எழும்புவதற்கு முன்னால், காலை ஒன்பதுக்குள் அடித்துவிட வேண்டும். இருபதடிக்குள் ஆள் இருந்தால் குழலைத் திறக்கக் கூடாது. சத்தம் போட்டு விலக்கிய பிறகுதான் அடிக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அவர் சத்தம் போட்டு எத்தனையோ பேரை விலக்கியிருக்கிறார். இதை வகுப்பில் சொன்னார். பின்பக்கக் கதவின் சாவி நூலகரிடம் இருந்தது. அவர் அதை எடுத்து மேஜையில் வைத்தார். யார் எந்த நாள் காலை ஆறரை முதல் ஒன்பது வரை நிலத்தில் உட்கார்ந்து செடி பார்ப்பது என்று கண்ணாடிக்கடைப் பெண் பலகையில் எழுதினாள். சாக்கடை வேலை ஒன்பதரைக்குத்தான் என்பதால் மருந்தண்ணன் புதனும் வெள்ளியும் எடுத்துக்கொண்டார்.

முதல் புதனன்றே வந்தார்கள். மேற்பார்வையாளர் கதவருகில் நின்றுகொண்டார். மருந்தண்ணனிடமே வேலை பழகி, புதிதாக டேங்க் மாட்டியவன் பட்டை தோளை அறுக்க, கூச்சத்தோடு நாலடி உள்ளே வந்தான். மருந்தண்ணன் எருக்குக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உடைந்த லென்ஸை இலைமேல் பிடித்திருந்தார். புழு இலையின் விளிம்பை அரைவட்டமாகத் தின்று முடித்து அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“மருந்து அடிக்கிறோம், விலகுங்க,” என்று அவன் குரல் கொடுத்தான். அவர் சொல்லிக்கொடுத்த அதே ராகம்.

“கேக்குது தம்பி,” என்றார் அவர், தலையைத் தூக்காமல். “நான் விலகல.”