மிளகு நாட்டில் நான் வெளியூர்க்காரன் ஆன கதை

கொஞ்ச காலம் நான் ஒரு நாட்டை ஆண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஜனத்தொகை இரண்டு பேர். அதில் ஒருவன் நான் என்பதால் பாதி ஜனங்களின் ஆதரவு எனக்கு எப்போதும் உண்டு, என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்த நாட்கள் நீங்கலாக.

கொல்லிமலையில் ரோடு போட ஆரம்பித்த சமயம் அது. பெரக்கரை நாட்டில் (அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தாலே நாடு என்பார்கள்) வேலைச் சாமான்கள் வைக்கிற தகரக் கொட்டகைக்கு என்னை ஸ்டோர்கீப்பராகப் போட்டிருந்தார்கள். நாற்பதை நெருங்கிய, கல்யாணமாகாத ஆள். எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் தேடிக்கொண்டு வர ஒருவரும் இல்லை என்று கான்டிராக்டருக்குத் தெரியும். ஐப்பசி மழை பிடித்ததும் கூலியாட்கள் எல்லாரும் அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கமாக இறங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல். ஈரத்தில் மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கல்லாகிக்கொண்டிருந்தன. கல்லை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? ஆனாலும் காத்தேன்.

பேச ஆளில்லாவிட்டால் முதலில் பாட்டு வரும். எனக்கும் வந்தது. அப்புறம் பாட்டு நின்றுபோய், சொந்தக் குரலே திடுக்கிட வைத்தது. ஒரு நாள் தும்மிவிட்டு, "யாரது?" என்று கேட்டுக் கதவைத் தாழிட்டேன். இந்த அளவு தைரியசாலிதான் அந்தக் கொட்டகைக்குக் காவல்.

அப்படி இருக்கையில்தான் அவர் வந்தார். கொட்டகைக்குக் கீழே அவருடைய நிலம். பலா மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். என் வயதுதான். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்கு ஒதுங்கினார். மறுநாள் மழையில்லை, அப்போதும் ஒதுங்கினார். அதற்குப்பிறகு பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு மரவள்ளிக் கிழங்கோடு வந்து என் அடுப்பில் சுட்டுத் தின்றுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர் வருகிற நேரத்துக்கு நான் முகம் கழுவிக்கொள்வேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அப்படிக் கழுவிக்கொண்டதில்லை.

ஒரு நாள் கிழங்கை ஊதியபடி கேட்டார். "ஏனுங்க ஸ்டோரு, வெள்ளக்காரன் கப்பலேறி வந்ததே மொளகுக்குத்தானுங்களே?"

"அப்படித்தாங்க சொல்றாங்க."

"அப்பறம் நாம எதுக்குங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு எறங்கறோம்? அவனல்லங்க ஏறி வந்திருக்கோணும்?"

அதில் விஷயம் இருந்தது. மலையில் விளைந்ததையெல்லாம் அவர்கள் தலையில் சுமந்துகொண்டு செங்குத்தான பாதையில் புளியஞ்சோலைக்கு இறங்குவார்கள். வியாபாரி அங்கே மர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இறக்கிய மூட்டையை யாரும் திரும்ப மேலே ஏற்றமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அவன் சொன்னதுதான் விலை.

"சரி, நாம எறங்கலைன்னு வச்சுக்குவோம்" என்றேன் நான். அவ்வளவுதான், சரித்திரம் அந்த இடத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் சரித்திரத்தில் மலைக்காரர்கள் பல தலைமுறைக்கு முன்பே இறங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். மிளகு வேண்டுமென்றால் கப்பல்காரத் துரையே ஏறி வரவேண்டும். துரை பூட்ஸோடு ஏறினார், வழுக்கி விழுந்தார், பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். உச்சிக்கு வந்து மூச்சு வாங்கியபோது விலை பேச அவரிடம் மூச்சு மிச்சமில்லை. நாங்கள் சொன்னதுதான் விலை. வந்த காசுக்கு உப்பும் இரும்பும் வாங்கிக் குவித்தோம். மிளகு கிடைக்காத ராஜாக்கள் தூது அனுப்பினார்கள். தூதர்களும் ஏறித்தான் வரவேண்டியிருந்தது.

பட்டாளம் வேண்டுமே என்றேன்.

"பட்டாளம் எதுக்குங்க, சோறு போட்டு மாளாது. ரத்தம் குடிக்கிற அட்டை இருக்குதல்லங்க? மழை பேஞ்சா அதுவே பெருகிக்கும்."

தேவனூர் நாட்டையும் சேர்த்துக்கொண்டோம். அங்கே அவருடைய மச்சான் இருந்தார். "சேத்துக்கலாமுங்க. ஆனா தலைநகரம் இங்கதான். இல்லீன்னா அவன் பேச்சக் கேட்டுக்கிட்டு ஒருத்தனும் உசுரோட இருக்க முடியாது" என்றார்.

நான் கொட்டகைக்குள்ளே பின்பக்க மண்சுவரில் கரியால் படம் வரைந்தேன். எல்லை, சுங்கச்சாவடி, துறையூர்ப் பக்கம் ஒரு வாசல். அவர் தள்ளி நின்று பார்த்து, "என் பலா மரத்த வுட்டுப்புட்டீங்களே" என்றார். மரத்தைப் போட்டேன். நாடு வளர்ந்தது. துறையூர் தானாக வந்து சேர்ந்தது. நாமக்கல் யோசித்துக்கொண்டிருந்தது. அந்த மழைக்காலத்தில் எனக்குத் தும்மல்கூடப் பயமாக இல்லை.

தனி நாடு என்று பேசினால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று சந்தையில் யாரோ சொல்லக் கேட்டது அப்புறம்தான். அது பெரிய கட்சிகளின் சமாச்சாரம், அட்டைப் பட்டாளம் வைத்திருக்கிறவனைச் சேராது என்று மூளைக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் பாதை வளைவில் காக்கிச் சட்டை ஒன்று குடைபிடித்து ஏறி வருவதைக் கண்டதும் வயிறுதான் முடிவெடுத்தது.

சுவரில் ஒரு முழு தேசம் கரியில் இருக்கிறது. ஈரச் சாக்கால் துடைத்தேன். சுங்கச்சாவடி இழுபட்டுப் பெரிதாயிற்று. எங்கள் நாடு அவ்வளவு வேகமாக வளர்ந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான். அடியில் கல்லாகாத மூட்டை ஒன்று இருந்தது. பிரித்தேன், தண்ணீர் ஊற்றினேன், பிசைந்தேன், கைநிறைய அள்ளி அப்பினேன். சர்க்கார் ரோட்டுக்கு வந்த சிமெண்ட்! தேசத்துரோகத்தை மறைக்கத் திருட்டு. ஒரு குற்றத்தோடு பிடிபட வேண்டியவன் இரண்டாகச் சேர்த்துக்கொண்டேன்.

காக்கிச் சட்டை வாசலில் வந்து நின்றது. "இங்க எத்தன பேருங்க?"

"நான் ஒருத்தன்தான். எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன், முழங்கை வரை சிமெண்டோடு.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கிழங்கோடு வந்தார். புது ஆளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க! ஏறி வந்துட்டீங்களா? அதுதானுங்க மொறை. உக்காருங்க, எங்க நாட்டுல நின்னுக்கிட்டு வெல பேசறதில்லீங்க."

காக்கிச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். "இவரு ஆருங்க?"

"யாருன்னே தெரியாதுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருப்பாரு. கொஞ்சம் கழண்ட கேசு. எதையாவது உளறுவாரு, எடுத்துக்காதீங்க."

காக்கிச் சட்டைக்காரர் தோள்பையை இறக்கிப் பிரித்தார். உள்ளே இருந்தது மருந்தடிக்கிற பம்பு. மலேரியாக் கொசுவுக்கு வீடு வீடாகச் சுவரில் மருந்தடிக்கிறவர். "சுவரு ஈரமா இருக்குதே, காயட்டும். நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைத் தேடிப் போனார்.

மருந்துக்காரர் போன பிறகு இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலா மரமும் போய்விட்டிருந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். நல்ல தமாஷ்தானே, ஸ்டோர்காரன் கொசு மருந்துக்குப் பயந்து நாட்டைப் பூசி மெழுகிவிட்டான்.

"சரிங்க, வாரேனுங்க" என்று கிழங்கை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை தகரத்தில் அடித்தது. அவர் வைத்துப்போன கிழங்கை நானே சுட்டேன். வெளியே கரிந்து உள்ளே பச்சையாக இருந்தது. சிமெண்டின் மேல் கரியால் மறுபடி வரைந்து பார்த்தேன். தேவனூர் நாடு எந்தப் பக்கம் முடிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்குமேல் பொறுக்க முடியாமல், மழை விட்ட ஒரு சாயங்காலம் மேட்டில் இருந்த அவர் வீட்டுக்கு ஏறினேன். வழுக்கி விழுந்து எழுந்து, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கு முன்னால் தாழ்வாரத்தில் நெருப்பு மூட்டி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு பலமாக இருந்தது. "நாமக்கல்லுக்காரன் ஏறி வந்து கேக்கட்டும்" என்றது ஒரு குரல். எனக்குச் சுருக்கென்றது. நாடு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஜனத்தொகையும் கூடியிருக்கிறது.

என்னைப் பார்த்ததும் பெரிய மீசைக்காரர் ஒருவர் கையைக் காட்டினார். தேவனூர் மச்சானாகத்தான் இருக்கவேண்டும், தலைநகரமே தன்னுடையது போல உட்கார்ந்திருந்தார். "நில்லுங்க! எந்தூருக் கப்பலுங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "உள்ளூருதாங்க" என்றேன்.

என் கூட்டாளி நெருப்பைக் கிளறிக்கொண்டே, "உள்ளூருல இப்பிடி ஒருத்தர நான் பாத்ததில்லீங்களே மச்சான். ஆரோ யாவாரியாட்டம் இருக்குது. உக்காரச் சொல்லுங்க, பாவம், மூச்சு வாங்குது" என்றார்.

உட்கார்ந்தேன். இலையில் கிழங்கு வைத்துக் கொடுத்தார்கள். பதமாக வெந்திருந்தது.

"அன்னிக்கு அந்தக் காக்கிச் சட்டையப் பாத்து போலீசுன்னு..." என்று தொடங்கினேன்.

"அதுக்கென்னங்க, பயம் ஆருக்குத்தான் வராது. சாப்புடுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. சந்தையில் முதல்தடவை பார்க்கிறவரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் நாலு வார்த்தை இருந்தது.

"மொளகு வேணுங்களா?" என்றார் மச்சான்.

"இல்லீங்க. சும்மா பேசிட்டுப் போலாம்னு..."

"அந்தச் சரக்கு நாங்க விக்கறதில்லீங்களே!"

மறுபடி சிரிப்பு. அதில் என் சிரிப்பும் இருந்தது, சத்தமாகவே. பொழுது இறங்கியதும் என் கூட்டாளி எழுந்து பாதைவரை வந்தார். "இருட்டறதுக்குள்ள போயிருங்க. வெளியூர்க்காரங்களுக்கு வழி புடிபடாது" என்றார். பிறகு நெருப்புப் பக்கம் திரும்பினார்.

வளைவு வரை அவர்கள் பேச்சு கேட்டது. சேலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்குவாதம். வேண்டாம், அந்த வெயிலை யார் ஆள்வது என்று சொல்லத் திரும்பினேன். புகைக்கு அந்தப்பக்கம் எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சேலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.